குதிகால் வலியும் சொரியாசிஸும்

(படப்பையில் ஜும்ஆ தொழுகைக்குப் பின் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளில் ஷிப்ட் முழுவதும் நின்றே வேலை பார்ப்பவர்கள் இங்கே பலர். குதிகால் வலித்தால், “நின்னு நின்னு வந்தது” என்று விட்டுவிடுகிறோம். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் முழங்கையிலோ தலையிலோ செதில் செதிலாக உதிரும் சொரியாசிஸ் உங்களுக்கோ வீட்டாருக்கோ இருந்தால், அந்த வலியை அப்படி விடக்கூடாது.

“நரம்பு இழுக்குது” என்கிறோமே, அது பல நேரம் நரம்பே அல்ல. தசையை எலும்போடு கட்டும் தசைநாண். கெண்டைக்கால் தசையின் நாண் குதிகால் எலும்பில் பதியும் இடம் ஒவ்வோர் அடியிலும் இழுபடுகிறது. அங்கே நோயெதிர்ப்பு அணுக்கள் காவல் இருக்கின்றன. சிறு காயம் பட்டால் சேரும், ஆற்றும், அடங்கும். சொரியாசிஸ் உள்ள சிலருக்கு அவை அடங்குவதில்லை. டி செல்கள் முதலானவை ஐஎல்-17, டிஎன்எஃப் என்னும் புரதங்களைச் சுரந்துகொண்டே இருக்கும். தோலில் செதிலை உண்டாக்குவதும் இவைதான். அழற்சி மூட்டுக்கும் பரவினால் எலும்பு அரிக்கும். சில இடத்தில் முள்போல் வளரும். அரித்த எலும்பு திரும்பி வராது.

சாதாரணக் குதிகால் வலி எழுந்து சில அடி நடந்ததும் குறையும். இதில் ஃபஜ்ருக்கு எழுந்தால் அரை மணிக்கு மேலும் விறைப்பு நிற்கும். நடமாட நடமாடத்தான் இளகும். ஒளூ செய்யும்போது நகங்களைப் பாருங்கள்: ஊசியால் குத்தியதுபோல் குழிகள் உண்டா? ஒரு விரல் முழுவதும் வீங்கியிருக்கிறதா? ரத்தத்தில் ஆர்ஏ ஃபேக்டர் பெரும்பாலும் நெகட்டிவ் என்றே வரும். அதை நம்பி இருந்துவிட வேண்டாம்.

மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு மாத்திரையில் வலி பறந்துவிடும், உண்மை. திடீரென நிறுத்தினால் தோல் நோய் கடுமையாகக் கிளம்பலாம். டிஎன்எஃப்-ஐத் தடுக்கும் அடலிமுமாப் ஊசி 2014 முதல் இந்தியாவிலேயே தயாராகிறது. போடுமுன் காசநோய் உண்டா என்று பார்த்தே ஆக வேண்டும்.

இன்னொன்று. சொரியாசிஸ் ஒட்டுவாரொட்டி அல்ல. அதற்காக ஸஃப்பில் ஒருவர் ஒதுங்கி நிற்கவோ, பக்கத்தில் இருப்பவர் நகரவோ தேவையில்லை. இருப்பில் கால்விரல் மடங்காதவர் நாற்காலியில் தொழலாம்.

இஎஸ்ஐ அட்டை உள்ளவர்கள் டிஸ்பென்சரியில் தோல் நோயையும் மூட்டு வலியையும் சேர்த்தே சொல்லி, மூட்டுவாத மருத்துவரிடம் அனுப்பும்படி கேளுங்கள். அட்டை இல்லாதவர்களுக்குச் சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் அதற்கென்றே தனித் துறை இருக்கிறது.