உப்பு ஜாடியும் கழுத்துச் சுரப்பியும்



தில்லியில் ஒரு தமிழ்க் குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மருமகளுக்கு 22 வயது. நல்ல ஆரோக்கியம். இப்போது 2 மாதக் கர்ப்பிணி. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து மாமியார் ரயிலில் வந்து இறங்குகிறார். கையில் மஞ்சள் பை. பையில் அப்பளம், கருவாடு, கூடவே ஒரு படி கல் உப்பு.

"உப்பு எதுக்கு அத்தை? இங்க கடையில கிடைக்குதே" என்கிறாள் மருமகள்.

"அந்தப் பாக்கெட் உப்புல ருசி ஏதும்மா? இது நம்ம கடல் உப்பு. உடம்புக்கு நல்லது."

"டிஸ்பென்சரியில நர்ஸம்மா அயோடின் உப்புதான் போடணும்னு சொன்னாங்க அத்தை."

"கடல்ல இல்லாத அயோடினா?"

மாமியார் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. நம்மில் பலரும் இப்படித்தான் நினைக்கிறோம். பதிலைப் பார்ப்போம்.

நம் முன்கழுத்தில், குரல்வளைக்குக் கீழே, வண்ணத்துப்பூச்சி வடிவில் ஒரு சுரப்பி இருக்கிறது. அதுதான் தைராய்டு. சாப்பிட்ட உணவை உடல் எவ்வளவு வேகமாகச் செலவழிக்க வேண்டும் என்று இது கட்டளை இடுகிறது. இதயத் துடிப்பு, உடல் சூடு, மாதவிலக்கு எல்லாம் இதன் சொல்லைக் கேட்கும். இந்தச் சுரப்பி வேலை செய்ய அயோடின் வேண்டும். ஒரு ஆளுக்கு ஆயுள் முழுவதும் தேவைப்படும் அயோடின் ஒரு தேக்கரண்டிகூட ஆகாது. ஆனால் அது தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைக்க வேண்டும்.

அயோடின் குறைந்தால் சுரப்பி வீங்கும். இதுதான் கழுத்துக் கழலை. கழுத்து வீங்குவது கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத கேடு இதைவிடப் பெரியது. முதல் சில மாதங்களில் வயிற்றில் இருக்கும் சிசு தாயின் தைராய்டு சுரப்பை நம்பியே வளர்கிறது. தாய்க்கு அயோடின் மிகவும் குறைந்தால் குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும். காது கேளாமலும் போகலாம். பிறகு எந்த மருந்தாலும் அதை முழுவதும் சரிசெய்ய முடியாது.

இதைத் தடுக்க உப்பு போதும் என்று நம் நாட்டிலேயே நிரூபித்தார்கள். இமயமலை அடிவாரத்தில் காங்ரா பள்ளத்தாக்கு இருக்கிறது. மழையும் வெள்ளமும் அங்கே மண்ணிலுள்ள அயோடினை அரித்துக்கொண்டு போய்விட்டன. பலருக்குக் கழுத்தில் கழலை. டாக்டர் வி. ராமலிங்கசுவாமியும் அவருடைய குழுவினரும் 1956-ல் அங்கே ஒரு சோதனையைத் தொடங்கினார்கள். பள்ளத்தாக்கை 3 பகுதிகளாகப் பிரித்தார்கள். 2 பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பு கொடுத்தார்கள். ஒரு பகுதிக்குச் சாதா உப்பு. 1962-ல் மறுபடி பார்த்தார்கள். அயோடின் உப்பு சாப்பிட்ட 2 பகுதிகளிலும் கழலை நன்றாகக் குறைந்திருந்தது. சாதா உப்புப் பகுதியில் குறையவில்லை. அதே 1962-ல் மத்திய அரசின் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. டாக்டர் ராமலிங்கசுவாமி பின்னாளில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் இயக்குநர் ஆனார்.

இப்போது மாமியாரின் கேள்விக்கு வருவோம். கடல் நீரில் அயோடின் உண்டு. ஆனால் உப்பளத்தில் நீர் வற்றி உப்பாகும்போது அதில் மிக மிகக் கொஞ்சம்தான் தங்குகிறது. அது நமக்குப் போதாது. இந்துப்பும் அப்படித்தான். அதனால்தான் உப்பில் அயோடினைத் தனியாகச் சேர்க்கிறார்கள்.

2018-19-ல் நாடு முழுவதும் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்திய வீடுகள் இந்தியாவில் 100-க்கு 76. தமிழ்நாட்டில் 100-க்கு 62 மட்டுமே. மாநிலங்களில் தமிழ்நாடுதான் கடைசி. உப்பு விளையும் மாநிலத்திலேயே இந்தக் குறை!

நல்ல உப்பு வாங்கினால் மட்டும் போதுமா? பழக்கமும் சரியாக இருக்க வேண்டும்.

உப்பை மூடியுள்ள ஜாடியில் வையுங்கள். திறந்து வைத்தால் ஈரம் பட்டு அயோடின் போய்விடும். அடுப்புக்குப் பக்கத்திலும் வெயிலிலும் வைக்காதீர்கள்.

அயோடின் கலந்த கல் உப்பும் கடையில் கிடைக்கிறது. அதைக் கழுவாதீர்கள். கழுவினால் அயோடினும் தண்ணீரோடு போகும்.

குழம்பை இறக்கும் நேரத்தில் உப்புப் போடுங்கள்.

அயோடின் வேண்டும் என்று உப்பை அள்ளிப் போடக் கூடாது. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்கட்டும். மிஞ்சினால் ரத்த அழுத்தம் ஏறும். பால், முட்டை, கடல் மீனிலும் அயோடின் கிடைக்கும்.

பீடி, சிகரெட் வேண்டாம். அந்தப் புகை, தைராய்டுக்குள் அயோடின் போவதைத் தடுக்கிறது. மெலிய வேண்டும் என்று பட்டினி கிடப்பதும் வேண்டாம். பட்டினியால் தைராய்டு சுரப்பும் குறையும். தில்லிக் குளிர்காலத்தில் முட்டைக்கோசும் காலிஃபிளவரும் மலிவு. அவற்றைச் சமைத்து அளவாகச் சாப்பிட்டால் பயமில்லை.

ஒன்றை மறக்கக் கூடாது. எல்லாத் தைராய்டு நோயும் உப்பால் தீராது. ஓயாத களைப்பு, மற்றவர்களைவிட அதிகம் குளிர்வது, காரணமில்லாமல் எடை கூடுவது, மாதவிலக்குக் கோளாறு, கழுத்து வீக்கம் இருந்தால் டாக்டரிடம் போங்கள். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். டாக்டர் மாத்திரை கொடுத்தால் அவர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள்.

அயோடின் கலக்காத உப்பைச் சாப்பாட்டுக்காக விற்பதற்கு 2006-ல் நாடு முழுவதும் தடை வந்தது. இன்றும் விதி அதுதான். பாக்கெட்டில் 'அயோடின் கலந்த உப்பு' என்று அச்சிட்டிருக்க வேண்டும். தில்லியில் இந்தியில் 'ஆயோடீன் யுக்த நமக்' என்று கேட்டு வாங்கலாம்.

மருமகள் இதையெல்லாம் பொறுமையாக எடுத்துச் சொன்னாள். மாமியார் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு மஞ்சள் பையைத் தள்ளி வைத்தார்.

"சரிம்மா. இது மீன் கழுவ இருக்கட்டும். பேரப் பிள்ளைக்கு ஆகுறதையே குழம்புல போடு."

நண்பர்களே, இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் உப்புப் பாக்கெட்டைக் கையில் எடுங்கள். யாரையும் கேட்க வேண்டாம். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நீங்களே படியுங்கள்.