மானிடவியல் கற்றால் என்ன உத்தியோகம்?



"மானிடவியலா? அதைப் படித்தால் யார் சோறு போடுவார்?" என்று பெரியோர் கேட்பது நமது செவிகளில் அடிக்கடி விழுகிறது. கேள்வி நியாயமானதே. டொக்டர், எஞ்சினியர், கணக்காளர் என்ற மூன்று வாசல்களை மட்டுமே காட்டி வளர்க்கப்பட்டவர்கள் நாம்.

மானிடவியலாவது, மனிதர் கூடி வாழும் வகையை அவர்களோடு உடனுறைந்து கற்பது. அமெரிக்கச் சர்வகலாசாலைகளிலே கலாநிதிப் பட்டம் பெற ஆறேழு ஆண்டுகள், சிலவேளை அதற்கு மேலும் செல்லும். அதில் ஓராண்டளவாவது ஓரிடத்தில் தங்கி, அவ்விடத்துப் பாஷையைப் பேசி, கலியாணம், செத்தவீடு, கடன், சண்டை யாவற்றையும் குறித்துவைப்பது வழக்கம். செலவுக்கு அஞ்சவேண்டாம். பெரிய சர்வகலாசாலைகள் பல, தெரிவாகும் மாணவருக்குக் கட்டணத்தை நீக்கி உதவிப்பணமும் கொடுக்கின்றன. தெரிவாவதுதான் கடினம்!

நம்மவர் ஒருவரையே பாருங்கள். 1929 இல் பிறந்த ஸ்ரான்லி ஜெயராஜா தம்பையா, 1954 இல் கோர்ணெலிலே கலாநிதியாகி, பேராதனையில் விரிவுரையாளரானார். 1956 இல் மாணவரோடு கல்லோயாக் குடியேற்றங்களை ஆராயச் சென்றவிடத்தில் இனக்கலவரம் மூண்டது. 1960 இல் யுனெஸ்கோ பணியேற்றுத் தாய்லாந்து போனார். பின்னர் கேம்பிரிட்ஜ், சிக்காகோ, ஹாவார்ட். தாய்லாந்துக் கிராமத்துப் பௌத்தத்தைப் பற்றி எழுதியவர், 1983 க்குப் பின் தம் நாட்டை எரித்த தீயையே ஆராய்ந்து, 1986 இல் நூல் வெளியிட்டார். 2014 இல் காலமானார்.

போதனை மாத்திரந்தானா தொழில்? 2014 இல் மேற்கு ஆபிரிக்காவில் எபோலா நோய் பரவியபோது, இறந்தவரை நீராட்டுவதாலும் தொற்று பரவிற்று. அதிகாரிகள் உடலை அவசரமாக எடுத்துச் சென்று புதைக்க, சனங்கள் பிணங்களை மறைத்தனர். நம்மூரிலே நீராட்டாமல் சுடலைக்கு அனுப்பச் சொன்னால் நாம் மட்டும் பொறுப்போமா? மானிடவியலாளர் குடும்பத்தாரோடு பேசிக் கேட்டறிந்தனர். உறவினர் எட்டநின்று பார்க்கவும் பிரார்த்திக்கவும் இடமளிக்கும் அடக்க விதிகளை, உலக சுகாதார தாபனம் அவ்வாண்டு நவம்பரில் வெளியிட்டது. மருத்துவமும் மானிடவியலும் சேர்த்துக் கற்ற ஜிம் யோங் கிம், 2012 முதல் 2019 வரை உலக வங்கியின் தலைவராயிருந்தார்.

ஆயினும் ஒன்றை ஒளிக்கமாட்டோம். பேராசிரியர் பதவிகள் சிலவே. அவற்றை நாடுவோர் பலர். பட்டம் பெற்றபின்னும் காத்திருந்தோர் உண்டு.

நம்மில் இருவர் இவ்வாண்டு விண்ணப்பிக்க எண்ணியிருக்கிறோம். வீட்டாரிடம் இன்னும் சொல்லவில்லை. அவர்களும் இச்சபையிலேதான் இருக்கிறார்கள்.