நம்ம போன், நம்ம நம்பர்

நான் பத்தாவது வரை படித்தவள். "மாறி வரும் செல்போன்" என்று தலைப்பு கொடுத்தாங்க. எங்க வீட்டில் நடந்ததிலிருந்தே சொல்றேன்.

போன வருஷம் என் மாமியாரோட நம்பரை வேற கம்பெனிக்கு மாத்தினோம். புது சிம்மை அவங்க பழைய பட்டன் போன்ல போட்டா சிக்னலே வரலை. போன் கெட்டுப்போச்சுன்னு கவலைப்பட்டாங்க. வில்லியனூர் செல்போன் கடைத் தம்பி பார்த்துட்டு, "போன் நல்லாத்தான் இருக்கு அக்கா. இது 2ஜி போன். இந்த சிம்முக்கு 4ஜி போன் வேணும்" என்றார்.

அன்னைக்குத்தான் எனக்கு விவரம் புரிந்தது. 2ஜியில் பேசலாம், மெசேஜ் அனுப்பலாம். 3ஜியில் இன்டர்நெட் வேகம் கூடியது. 4ஜியில் நாம பேசுற பேச்சே இன்டர்நெட் மாதிரிதான் போகுது. 2022 அக்டோபர் 1-ஆம் தேதி நம் நாட்டில் 5ஜியும் தொடங்கியாச்சு. புதுசு வர வர பழசு குறையும். நம்ம ஊர்ப் பிள்ளைகள் வேலைக்குப் போகிற சிங்கப்பூரில் 2017 ஏப்ரலிலேயே 2ஜியை நிறுத்திட்டாங்க. இங்கே இன்னும் 2ஜி இருக்கு. ஆனாலும் இனிமேல் போன் வாங்கினா, 4ஜி இருக்கான்னு கேட்டு வாங்குங்க. பட்டன் போனிலேயே 4ஜி கிடைக்குது. 5ஜி போன் வேணும்னு கடன் வாங்க வேண்டாம்.

இதைவிட முக்கியமான ஒன்று. எங்க குழுவில் ஒரு அக்கா பேங்க் கணக்குக்கு மகன் நம்பரைக் கொடுத்திருந்தாங்க. மகன் சென்னைக்கு வேலைக்குப் போயிட்டான். அவசரத்துக்குப் பணம் எடுக்கப் போனா ஓடிபி அவன் போனுக்குப் போகுது. அவன் நைட் ஷிப்ட் முடிஞ்சு தூங்குறான். தன் சேமிப்புப் பணத்துக்காக அந்த அக்கா மத்தியானம் வரை பேங்க் வாசலில் உட்கார்ந்திருந்தாங்க.

அதனால கணக்குக்கு நம்ம நம்பரையே கொடுக்கணும். அந்த நம்பரை ரீசார்ஜ் பண்ணாமல் மாசக்கணக்கில் போடக் கூடாது. அப்படிப் போட்டா அது வேற ஆளுக்குப் போயிடலாம். டச் போன் இல்லையேன்னு தயங்காதீங்க. பட்டன் போனிலிருந்தும் பணம் அனுப்ப 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி 'யுபிஐ 123பே' கொண்டு வந்திருக்கு. ஓடிபியை யார் கேட்டாலும் சொல்லாதீங்க. ஏமாந்துட்டா வெட்கப்படாமல் உடனே 1930-க்குப் போன் பண்ணுங்க.

என் மாமியாருக்கு 4ஜி பட்டன் போன் வாங்கிக் கொடுத்தோம். முதியோர் பென்ஷன் மெசேஜ் இப்ப அவங்க போனுக்கே வருது. படிக்கத் தெரியாது. சத்தம் கேட்டதும் பேத்தியைக் கூப்பிட்டுக் காட்டுறாங்க.

அடுத்த குழுக் கூட்டத்துக்குச் சேமிப்புப் புத்தகத்தோடு பேங்க் பாஸ்புக்கையும் போனையும் எடுத்து வாங்க. யார் கணக்கில் யார் நம்பர் இருக்குன்னு உட்கார்ந்து பார்ப்போம். மாத்த வேண்டியவங்க எல்லாரும் சேர்ந்தே பேங்குக்குப் போவோம்.