வழுக்கியாறு

ஆறு என்னுஞ் சொல்லுக்கு நீரோட்டம் என்றும் வழி என்றும் இரு பொருள் உண்டு. வகுப்பிலே இதனை விளக்கும்போது நான் காவிரிக்குப் போவதில்லை. நமது வழுக்கியாற்றையே காட்டுவேன். வழுக்கையாறு என்றும் வழங்குவர். மாரியில் அது முதற் பொருளுக்கு உதாரணம், கோடையில் இரண்டாவதற்கு. சித்திரை வெய்யிலில் மாடுகள் அதன் நடுவே மேய்ந்துகொண்டு போகும்.

தொண்டைமானாறு பெயரளவில் ஆறாயினும் உண்மையிற் கடனீரேரியே. ஆகவே, யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஆறென்று சொல்ல எஞ்சுவது ஏறத்தாழ 16 கிலோமீற்றர் நீளமான இந்தச் சிற்றாறுதான். இதற்கு மலையுமில்லை, அருவியுமில்லை. தெல்லிப்பழைப் பக்கத்து மழைவெள்ளம் குளங்களையும் தாழ்ந்த வயல்களையும் நிரப்பி வழிந்து, அளவெட்டி, கந்தரோடை, சண்டிலிப்பாய், நவாலி என்று இறங்கி, அராலிப் பக்கத்திலே கடனீரேரியோடு கலக்கிறது. கடலுவர் உள்ளே ஏறாதிருக்க அங்கே தடுப்பணை உண்டு.

செங்கை ஆழியான் புவியியல் கற்றவர். அவருடைய 'நடந்தாய் வாழி வழுக்கியாறு' என்னும் நாவலின் பெயரிலே சிலப்பதிகாரக் காவிரியின் சாயல்; கதையிலோ காணாமற்போன மாட்டைத் தேடி அலையும் மனிதர். சிரித்துக்கொண்டே வாசித்து முடிக்கையில் ஆற்றின் போக்கு நமக்குப் பாடமாகிவிடுகிறது. பாடநூலொன்று இவ்வளவைச் செய்யுமோ என்பது ஐயமே.

நமது நிலம் சுண்ணக்கல். மழைநீர் அதன் வெடிப்புகளினூடே கீழிறங்கி, உவர்நீரின்மேல் நன்னீராய் மிதந்து நிற்கிறது. நமது கிணறுகள் இறைப்பது அதனையே. ஆறு குளங்களில் தங்கித் தங்கிச் செல்வதனால் நீர் கீழே இறங்க அவகாசம் கிடைக்கிறது. கோடையில் ஆற்றைக் காணோம் என்போர் தம் கிணற்றை எட்டிப் பார்க்கலாம்.

ஆனால் வற்றிக் கிடப்பதே இதற்குத் தீங்காயிற்று. காய்ந்த காலத்திற் பார்ப்பவனுக்கு அது வெறுந்தரை. ஒருவன் குப்பை கொட்டுகிறான். ஒருவன் வேலியை ஒரு முழம் தள்ளுகிறான். இன்னொருவன் மண் நிரப்பி மதிலே எழுப்புகிறான். 2008 நவம்பரில் நிஷா புயலின் பெருமழையாற் குடாநாடு வெள்ளக்காடானதைக் கண்ட பின்னரும் இது நிற்கவில்லை.

இவ்வாற்றங்கரையிலே காணி வாங்க எண்ணுவோர் உறுதியை வாசிப்பதோடு நின்றுவிடாமல், கார்த்திகை மாதத்தில் ஒருமுறை அங்கே போய்ப் பார்க்க வேண்டும். எல்லைக்கல் எங்கே நிற்கிறது, வெள்ளம் எங்கே நிற்கிறது என்பது அப்போது தெரியும்.