அவிழ்த்துக் கட்டுதல்



'நான் இழந்த ஒரு பொருள்' என்பது இந்தப் பத்தாம் ஆண்டு விழாவில் பேசுவோர்க்குத் தரப்பட்ட தலைப்பு. எனக்கு முன்னே பேசியவர்கள் பாட்டியின் அம்மியையும் தந்தையின் கடிதங்களையும் நினைவுகூர்ந்தனர். நான் பேசவிருப்பது ஒரு காரைப் பற்றி. தமிழாசிரியைக்கும் காருக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் எண்ணலாம். என் தாயாரும் அதையேதான் கேட்டார்.

கல்லூரி நாளில் பழைய ஆங்கில இதழொன்றில் ஒரு படம் கண்டேன். தாழ்ந்த உடலும் இரண்டே இருக்கைகளும் கொண்டு, கூரையின்றி நின்ற அந்தப் பந்தயச் சாயல் காரின் பெயர் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர். 1962இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. அத்தகைய வண்டி என் கைக்கு எட்டாதது என்பதை அறிவேன். ஆயினும் அதன் உடன்பிறப்பு ஒன்று நம் சென்னையிலேயே பிறந்து வளர்ந்ததைப் பின்னர் அறிந்தேன். அதுவே ஸ்டாண்டர்டு ஹெரால்டு. ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கித்தான் ஸ்பிட்ஃபயரை ஆக்கினர். இரண்டிற்கும் உருவம் தந்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலாட்டி. கல்கத்தாவின் அம்பாசிடரும் பம்பாயின் ஃபியட்டும் சாலைகளை ஆண்ட காலத்தில், 1961 முதல் பத்தாண்டுக் காலம் சென்னையின் பெயரைத் தாங்கி ஓடியது ஹெரால்டு. வண்டலூர்ப் பக்கம் இருந்த அதன் தொழிற்சாலை 1980களின் இறுதியில் நின்றுபோயிற்று.

2007ஆம் ஆண்டு சனவரியில், மயிலாப்பூரில் ஒரு வீட்டு முற்றத்தில் 1965ஆம் ஆண்டு ஹெரால்டு ஒன்று விலைக்கு இருப்பதாக அறிந்து சென்றேன். இரண்டே கதவுகள், மங்கிய நீல நிறம், 948 சி.சி. எஞ்சின். நாற்பத்தெட்டாயிரம் ரூபாய் கேட்டார்கள். ஆய்வு உதவித்தொகையில் மிச்சம் பிடித்து வைத்திருந்த பணம் அது. "ஆறு சவரன் வாங்கியிருக்கலாமே, பெண்ணே" என்றார் அம்மா. அந்த ஆறு சவரனைத் திரு.வி.க. பாலத்தின் வழியே ஓட்டிக்கொண்டு வந்தபோது, கிழக்கே அடையாற்றின் முகத்துவாரம் மாலை வெயிலில் ஒளிர்ந்தது. மகிழ்ச்சி என்ற சொல்லை வகுப்பில் பலமுறை விளக்கியவள், அன்றுதான் அதன் பொருளை உணர்ந்தேன்.

அப்போது நான் குடியிருந்தது ஊரூர் ஒல்காட் குப்பத்தின் ஓரத்தில், ஒரு மாடி அறையில். சன்னலைத் திறந்தால் மணல், வலைகள், படகுகள். அவற்றுக்கு அப்பால் கடல். தெரு மிகக் குறுகியது. ஆனால் ஹெரால்டின் முன்சக்கரங்கள் வியக்கத்தக்க அளவு திரும்பும். இருபத்தைந்தடி வட்டத்துக்குள் வண்டி முழுதும் சுற்றி வந்துவிடும். அதைக் காண்பதற்கென்றே குப்பத்துப் பிள்ளைகள் கூடிவிடுவர். முன்பகுதி முழுவதையும் ஒரே மூடியாக முன்னோக்கித் தூக்கித் திறக்கையில், "சுறா வாயைத் தொறக்குது!" என்று கூவுவர்.

எதிர்வீட்டில் ஒரு பெரியவர் இருந்தார். கட்டுமரத்தில் கடலுக்குச் சென்ற கடைசித் தலைமுறையினருள் ஒருவர். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் கரையெங்கும் கண்ணாடியிழைப் படகுகள் பெருகிவிட்டன. அவரோ தம் மரத்தை விடவில்லை. கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்ப்பார். மரங்களைத் தனித்தனியே பிரித்து மணலில் காயப் போடுவார். மறுநாள் மீண்டும் சேர்த்துக் கட்டுவார். தினமும் ஏன் இந்த வேலை என்று ஒருநாள் கேட்டேன். "கட்டியே வெச்சிருந்தா தண்ணி உள்ளயே நிக்கும், டீச்சரம்மா. மரம் கனத்துப்பூடும், அழுவிப்பூடும். அவுத்தாத்தான் மரம் மூச்சு வுடும்" என்றார். பிறகு என் வண்டியைப் பார்த்து, "இதையும் அப்பப்போ அவுத்துக் காய வெக்கணும்" என்றார். நான் சிரித்தேன்.

சிரித்திருக்கக் கூடாது. ஹெரால்டு உண்மையில் ஒரு கட்டுமரமே. உடலும் சட்டமும் ஒன்றாய் வார்த்த கார்கள் பரவிய காலத்தில், தமக்கு உடற்கூடு செய்து தந்த நிறுவனம் 1953இல் போட்டியாளர் வசமானதால், இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு நிறுவனத்தார் வேறு வழி தேடினர். தனியே ஓர் இரும்புச் சட்டம் அமைத்து, அதன்மேல் உடலைத் துண்டு துண்டாகச் செய்து மரையாணிகளால் முடுக்கினர். கடல்கடந்து நம் ஊரில் அதைப் பூட்டிச் செய்வதற்கும் அந்த அமைப்பு எளிதாயிற்று. இன்னொரு செய்தியும் உண்டு. ஹெரால்டு என்பது அந்நிறுவனத் தலைவர் வைத்திருந்த படகின் பெயர் என்று சொல்லப்படுகிறது. அந்தப் பெரியவருக்கு இவை எவையும் தெரியா. அவர் பார்த்தது மரையாணிகளைத்தான்.

நான் செய்ததோ முற்றிலும் மாறானது. உப்புக்காற்று இரும்பைத் தின்னும் என்று அஞ்சி, தடித்த தார்ப்பாய் வாங்கி வண்டியை இறுக மூடினேன். கல்லூரிப் பணி கிடைத்தபின் ஓட்டுவதும் குறைந்தது. ஞாயிறுதோறும் பாயை விலக்கி, வெளிப்புறத்தைத் துடைத்து, மீண்டும் மூடுவேன். இரண்டு முறை மெக்கானிக், "உடம்பைக் கழற்றிச் சட்டத்தைப் பார்த்துவிடுவோம், மேடம்" என்றார். மறுத்தேன். பிரித்தால் பழையபடி சேராதோ என்னும் அச்சம். என் வண்டி முழுமையாக இருக்க வேண்டும் என்னும் செருக்கு.

2016இல் ஒருநாள் கதவு சரியாகச் சாத்தவில்லை. மெக்கானிக் வண்டியின் அடியில் படுத்து, திருப்புளியால் சட்டத்தைத் தட்டினார். திருப்புளி உள்ளே இறங்கியது. செதில் செதிலாகத் துரு கொட்டியது. மேலே நீலம் மின்னிக்கொண்டிருந்தது; கீழே ஒன்றுமில்லை. பாய்க்குள் தேங்கிய ஈரமே அதைத் தின்றது என்றார். பாதுகாப்பு என்று நான் நினைத்ததே அதற்குப் பகையாயிற்று.

சட்டம் தேடிப் புதுப்பேட்டைக் கடைகளில் ஏறி இறங்கினேன், கிடைக்கவில்லை. இறுதியில் வண்டியைப் பிரிக்க இசைந்தேன். அப்போதுதான் தெரிந்தது, சட்டம் ஒழிய மற்றவை பலவும் நல்ல நிலையில் இருந்தன என்பது. முன்மூடி கோயம்புத்தூரில் ஒருவருக்கும், எஞ்சின் அடையாற்றில் ஒருவருக்கும், கதவுகள் இன்னொருவருக்கும் சென்றன. மூவரும் தத்தம் ஹெரால்டை உயிர்ப்பிக்க முயன்றுகொண்டிருந்தவர்கள். கடைசி மரையாணியைக் கழற்றும்போது அந்தப் பெரியவர் வந்து நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. கழற்றிய கதவை மறுபுறம் பிடித்துத் தூக்கி, மணலில் மெல்லச் சாய்த்து வைத்தார்.

அன்பர்களே, குப்பத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில்தான் டாக்டர் உ.வே. சாமிநாதையர் நூல்நிலையம் இருக்கிறது. ஓலைச்சுவடியையும் நாம் கட்டு என்றே சொல்கிறோம். அக்கட்டை அவிழ்த்து, தூசி தட்டி, எண்ணெய் பூசி, மீண்டும் கட்டியவர்கள் வீட்டில் ஏடுகள் நின்றன. பூசைப் பொருளாக மூடி வைத்தவர்கள் வீட்டில் அவை செல்லுக்கு இரையாயின. பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் இறுதிப்பத்தும் நமக்குக் கிடைக்கவில்லை. எனினும் அவற்றுக்கு உரியவை எனக் கருதப்படும் சில பாடல்கள், உரையாசிரியர்கள் பிரித்தெடுத்துக் காட்டிய மேற்கோள்களாக வேறு நூல்களில் உயிர்வாழ்கின்றன. இச்செய்தியை ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லி வந்தவள் நான். என் வாசலில் நின்ற ஒன்றுக்கு அது பொருந்தும் என்று எண்ணிப் பார்க்கவில்லை.

யாத்தல் என்றால் கட்டுதல். தளை என்றாலும் கட்டு. தொடை என்றால் தொடுத்தல். நீங்கள் அனைவரும் கட்டுவதில் வல்லவர்கள். எழுதி முடித்த கவிதையின் கட்டை அவிழ்த்துப் பார்க்க எத்தனை பேருக்கு மனம் வருகிறது? எனக்கு வந்ததில்லை. என் முனைவர்பட்ட ஆய்வேடு பல ஆண்டுகள் பட்டுத்துணியில் பொதிந்து அலமாரியில் கிடந்தது. வண்டி போன அவ்வாண்டில்தான் அதை எடுத்துப் பிரித்தேன். இரண்டு இயல்கள் துருவேறியிருந்தன, நீக்கினேன். எஞ்சியதை மறுபடி கட்டியபின்பே அது நூலாயிற்று.

நம் வட்டமும் பத்தாண்டுக் கட்டு. இதில் வாதங்கள் நிகழ்ந்தன. சிலர் விலகிச் சென்று வேறு மேடைகளில் பாடுகின்றனர். அது நமக்கு இழப்புத்தான். ஆனால் அவர்கள் பாடல்களில் நம் மாலைகளின் ஓசை கேட்கிறது என்பதையும் மறுக்க முடியாது. இந்த விழா மலரை இன்று அழகுறக் கட்டித் தந்திருக்கிறோம். இதை உறை போட்டு மூடி வைத்துவிடாதீர்கள். அடுத்த ஆண்டு எடுத்துப் பிரித்து, எது நிற்கிறது, எது நிற்கவில்லை என்று ஒருவருக்கொருவர் அஞ்சாது சொல்வோம்.

சென்ற மாதம் அடையாறு சிக்னலில் ஒரு வெள்ளை ஹெரால்டு என்னைக் கடந்து சென்றது. எஞ்சின் ஓசையைக் கேட்டதும் திரும்பிப் பார்த்தேன். அது என்னுடையதுதானா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. பச்சை விளக்கு எரிந்ததும் அது போய்விட்டது. நான் மட்டும் சற்று நேரம் நடைபாதையிலேயே நின்றிருந்தேன்.