தூக்குவாரற்ற தொட்டில்கள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பற்றிச் சில வார்த்தைகள் கூறும்படி எம்மைப் பணித்திருக்கிறார்கள். பிள்ளையின் உடல் வளர்வதை நிறுத்துப் பார்த்து அறிகிறோம். மூளை வளர்வதை அவ்வாறு காண இயலாது. ஆகையால் பால் குடித்தது, உறங்கியது என்றவுடன் எல்லாம் சரியென்று இருந்துவிடுகிறோம். இது போதுமா? இக்கேள்விக்கு உருமேனிய நாடு மிகக் கொடிய முறையில் விடை தந்தது.

அந்நாட்டை ஆண்ட சௌசெஸ்கு, சனத்தொகையைப் பெருக்கும் நோக்குடன் 1966 ஆம் ஆண்டிற் கருக்கலைப்பைத் தடை செய்தார். வளர்க்க வழியற்ற வறியோர் தம் பிள்ளைகளை அரசாங்க விடுதிகளில் ஒப்படைத்தனர். 1989 டிசெம்பரில் ஆட்சி கவிழ்ந்தபோது அங்கே 1,00,000 பிள்ளைகளுக்கு மேல் இருந்தனர். வரிசை வரிசையாகத் தொட்டில்கள். பார்ப்பவரோ ஒரு சிலர். அவர்களும் முறைக்கு முறை மாறுவர். அழுதாலும் எவரும் வாரார் என்று கண்ட குழந்தை அழுவதையே விட்டுவிடும். அவ்விடுதிகளின் அமைதியே பார்க்கச் சென்றவர்களைத் திகைக்க வைத்தது.

அச்சமோ பசியோ நேரும்போது, சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பிகள் கோட்டிசோல் என்னும் ஓமோனைச் சுரக்கின்றன. தாய் எடுத்து அணைத்தால் அது தணியும். இப்படி வந்து போகும் நெருக்கடியாற் கேடில்லை. தணிப்பாரின்றி அது நாட்கணக்காய் நீடித்தாற்றான் ஞாபகத்துக்குரிய பகுதியும், நெற்றிக்குப் பின்னேயுள்ள சிந்தனைப் பகுதியும் ஊறுபடுகின்றன. அன்றியும், பேச்சும் முகமும் தொடுகையும் கிடையாவிடின் மூளையின் இணைப்புக்கள் பயன்படாமலே கழிந்துபோகும்.

2000 ஆம் ஆண்டில் சாள்ஸ் நெல்சன் முதலிய அமெரிக்க அறிஞர்கள் புக்காரெஸ்ற் நகரில் 136 விடுதிப் பிள்ளைகளை ஆராயத் தொடங்கினர். சீட்டுப் போட்டுப் பாதிப்பேரை வளர்ப்புக் குடும்பங்களிற் சேர்த்தனர். குழந்தைகளின் வாழ்வைச் சீட்டினால் முடிவு செய்யலாமா என்று நீங்கள் கேட்பீர்கள், நியாயமான கேள்விதான். ஆனால் அந்நகரில் அப்போது வளர்ப்புக் குடும்பங்கள் இல்லையென்றே சொல்லலாம். ஆராய்ச்சியாளரே அவற்றைத் தேடிப் பணமுங் கொடுக்க வேண்டியிருந்தது. பின்னர் வேறு வழியால் வீடு கிடைத்த பிள்ளைகளை அவர்கள் தடுக்கவுமில்லை.

நாலரை வயதில் விடுதிப் பிள்ளைகளின் சராசரி நுண்ணறிவு ஈவு ஏறக்குறைய 73. வளர்ப்புக் குடும்பம் கிடைத்தோருக்கு 81. பெற்றோருடன் வளர்ந்த அந்நகரப் பிள்ளைகளுக்கு 109. இரண்டு வயது நிரம்புமுன் குடும்பம் கிடைத்தோரின் மூளை மின்னலைகள், எட்டு வயதில் மற்றப் பிள்ளைகளின் மின்னலைகளை ஒத்திருந்தன. பிந்திப் போனவர்களிடம் அது காணப்படவில்லை. 2004 ஆம் ஆண்டிற் கொண்டுவந்த சட்டத்தால் உருமேனியா, இரண்டு வயதுக்குட்பட்டோரைப் பொதுவாக விடுதிகளிற் சேர்ப்பதைத் தடுத்தது.

எமது நாட்டுக்கு வருவோம். 2004 ஆம் ஆண்டுக் கடற்கோளுக்குப் பின்னும், 2009 இல் முடிந்த போருக்குப் பின்னும் வடக்கிலுங் கிழக்கிலும் பல பிள்ளைகள் சிறுவர் இல்லங்களில் வளர்ந்தனர். அவற்றை உருமேனிய விடுதிகளோடு ஒப்பிடுவது நன்றியற்ற பேச்சு. பிறந்தநாளிலும் திவசத்திலும் இல்லத்துப் பிள்ளைகளுக்கு ஒரு நேர உணவளிப்பது நம்மவரின் நல்ல வழக்கம். ஆனால் உணவளிக்கச் செல்பவர், இப்பிள்ளையை நாள்தோறும் எழுப்புபவர் யார், சென்ற வருடமும் அவர்தானா என்று விசாரிப்பதுண்டா? பெயர் பொறித்த மண்டபத்துக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பராமரிப்பாளருக்குப் பல வருடச் சம்பளம் கொடுக்கலாம். பேரப்பிள்ளையை வைத்திருக்க மனமிருந்தும் கையிற் பணமில்லாத அம்மம்மாவுக்கு மாதந்தோறும் உதவினால், பிள்ளை இல்லத்துக்கே போகவேண்டியதில்லை.

இளைஞர்களுக்கும் ஒன்று. இருபது பேர் ஒருநாட் சென்று குழந்தைகளைத் தூக்கி விளையாடிவிட்டு மறைந்துபோவதிற் பயனில்லை. இருவர் போனாற் போதும்; அவ்விருவரே வாரந்தோறும் போகவேண்டும். அந்த இருவர் யாரென்பதைச் செயற்குழு இன்று கலையுமுன் தீர்மானிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.