கண்ணொளி தரும் தொண்டு

தொண்டுச் சங்கம் என்றவுடன் பலருடைய மனக்கண்முன் வந்து நிற்பது எது? மாலையும் பொன்னாடையும், மேடைக்குப் பின்னே கட்டிய பதாகையும், ஒரே தையல் இயந்திரத்தைப் பத்துப் பேர் சேர்ந்து பிடித்துக்கொண்டு நிற்கும் புகைப்படமுமே. அப்படி நினைப்பவர்களை நான் குறைகூற மாட்டேன். அத்தகைய காட்சிகளுக்குப் பஞ்சமில்லை. ஆயினும் அச்சங்கங்கள் செய்துவரும் பணிகளுள் ஒன்று படம் எடுப்பதற்கு ஏற்றதன்று. சொல்லக் கேட்டாலும் சிறியதாகவே தோன்றும். கண்புரையால் பார்வை மங்கிய முதியோரை ஊரிலிருந்து மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, பார்வையுடன் மீண்டும் ஊரில் கொண்டுவந்து சேர்ப்பதே அப்பணி.

அரிமா சங்கம் என்று நாம் தமிழில் வழங்கும் லயன்ஸ் சங்கம், 1917ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுச் சிக்காகோ நகரத்துக் காப்பீட்டு முகவரான மெல்வின் ஜோன்ஸ் என்பவரின் முயற்சியால் தோன்றியது. கூடி உண்டு, தம் வணிகம் வளர வழி தேடும் மன்றங்கள் அந்நாளில் அங்கே பல இருந்தன. அவ்வளவில் நின்றுவிடாமல் ஊர் நலனையும் கருதவேண்டும் என்பது ஜோன்ஸின் எண்ணம். 1925இல் ஒஹையோ மாநிலத்தில் நடந்த அச்சங்க மாநாட்டுக்கு ஹெலன் கெல்லர் அம்மையார் வந்தார். குழந்தைப் பருவத்திலேயே பார்வையையும் கேட்கும் ஆற்றலையும் இழந்த அவர், பார்வையற்றோர்க்காகப் பாடுபட முன்வருமாறு அங்கிருந்தோரைக் கேட்டுக்கொண்டார். அவ்வேண்டுகோளைச் சங்கம் தன் தலையாய கடமைகளுள் ஒன்றாக ஏற்றது. நம் ஊர்களில் கண் சிகிச்சை முகாம் என்றதும் அரிமா சங்கத்தின் பெயர் உடன் வருவதற்கு வேர் அங்கே இருக்கிறது.

நம் நாட்டில் இதற்கு இடம் அதிகம். கண்ணினுள் இருக்கும் வில்லை முதுமையில் வெண்மை படர்ந்து ஒளியை மறைப்பதே கண்புரை. மருந்தால் தீராது, அறுவையால் தீரும். டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து தம் 58ஆம் வயதில் ஓய்வு பெற்று, 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். மூட்டுவாத நோயால் விரல்கள் கோணிப்போன நிலையிலும் கத்தி பிடிக்கப் பழகி, பல்லாயிரவர்க்குக் கண்ணளித்தவர் அவர். (ஓய்வூதியம் வாங்கும் என்போன்றோர் இதைச் சற்று ஊன்றிக் கேட்பது நல்லது.) அங்கே வகுத்துக்கொண்ட முறை எளியது. சோதித்தலும் அறுவையும் மருத்துவமனையின் பொறுப்பு. இடம் பார்த்தல், துண்டறிக்கை கொடுத்தல், ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அறிவித்தல், வந்தவர்க்கு உணவளித்தல் ஆகியவை முகாமை நடத்தும் உள்ளூர்ச் சங்கத்தின் பொறுப்பு. அரிமா சங்கம், ரோட்டரி சங்கம், கோயில், வங்கி, ஆலை எனப் பலரும் இவ்வாறு பங்குகொண்டிருக்கின்றனர்.

இவ்வளவும் இலவசம் என்றால் மக்கள் திரண்டு வந்துவிடுவார்கள் அல்லவா? அதுதான் இல்லை. தமிழ்நாட்டுக் கிராமங்களில் நடத்தி 1999இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, கண்ணில் குறையுடைய பெரியவர்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 7 பேரே முகாமுக்கு வந்ததாகக் காட்டியது. மற்ற 93 பேர் எங்கே போனார்கள்?

அவர்கள் வீட்டில் இருந்தார்கள். அறுவை என்றதும் அச்சம். பேருந்துக்குக் காசு வேண்டும். காசு இருந்தாலும் கைபிடித்து அழைத்துப்போக ஆள் வேண்டும். மகன் போனால் அன்றைய கூலி போயிற்று. அறுப்புக் காலமென்றால் வீட்டில் ஒருவரும் அசையமாட்டார்கள். “வயதாகிவிட்டது, இனிப் பார்த்து என்ன ஆகப்போகிறது?” என்று கிழவி தானே சொல்லிக்கொள்வாள், வீட்டாரும் அதை மறுக்கமாட்டார்கள். முதியவர்களிலும் பெண்களுக்கே இந்தத் தடைகள் மிகுதி. ஐயா போய்வந்தபின் ஆத்தாளைப் பார்த்துக்கொள்ளலாம் என்பது எழுதாத சட்டம். இவற்றுள் எதையும் மருத்துவரின் கத்தியால் அறுக்க முடியாது. தொண்டுச் சங்கத்தின் வேலை இங்கேதான் தொடங்குகிறது.

தலைமையாசிரியனாக இருந்தபோது இதை நான் வருகைப் பதிவேட்டில் கண்டிருக்கிறேன். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, நன்றாகப் படிப்பவள். வாரத்தில் மூன்று நாள் வரமாட்டாள். காரணம் கேட்டால் தலைகுனிவாள். விசாரித்தபோது, பாட்டிக்குக் கண் தெரியாதென்றும், தாயும் தந்தையும் களையெடுக்கப் போகும் நாளில் பாட்டியைக் கொல்லைக்கு அழைத்துப்போக இவளே இருக்கிறாள் என்றும் தெரிந்தது. பள்ளிக்கு எழுதுசுவடிகளும் பரிசுக் கோப்பைகளும் தந்த சங்கத்தார் இருந்தனர். அவர்களிடம், “கோப்பை வேண்டா, ஒரு வண்டி அனுப்புங்கள்” என்று சொன்னேன். சொல்லிய முறை சற்றுக் கடுமைதான். ஆயினும் ஒருவர் தம் அரிசி மண்டி வண்டியையே அனுப்பினார். பாட்டி தனியே வரமாட்டேன் என்று பிடிவாதம் செய்தாள். பக்கத்துத் தெருவில் ஏற்கெனவே அறுவை செய்துகொண்ட மூதாட்டி ஒருவர் உடன் ஏறினார். அதன்பின்பே இவள் ஏறினாள். பேச்சாளர் நூறு பேர் செய்ய முடியாததை அந்த ஓர் அம்மாள் செய்தார்.

முற்காலத்தில் பள்ளி விடுமுறையில் வகுப்பறைகளையே அறுவைக் கூடமாக்கினர். நோயாளிகள் தலை அசையாமல் நாள் கணக்கில் படுத்திருந்தனர். புரை படர்ந்த வில்லையை எடுத்துவிட்டுத் தடித்த கண்ணாடி தருவார்கள். அது உடைந்தால் பழைய இருளே. பின்னர்க் கண்ணுக்குள் செயற்கை வில்லை வைக்கும் முறை வந்தது. அயல்நாட்டு வில்லை ஏழைக்கு எட்டாத விலையாக இருந்ததால், 1992இல் மதுரையிலேயே குறைந்த விலையில் செய்யத் தொடங்கினர். இன்று முகாமில் அறுவை இல்லை, சோதனை மட்டுமே. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களை அன்று மாலையே பேருந்தில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்கின்றனர். “அடுத்த வாரம் வாருங்கள்” என்று சொல்லி அனுப்பினால் பலர் வரமாட்டார்கள் என்பதைப் பட்டறிவால் அறிந்தே இவ்வாறு செய்கின்றனர்.

சங்கத்தார் பொறுத்துக்கொள்வார்களானால் ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். அரிமா சங்கத்துக்கும் ரோட்டரி சங்கத்துக்கும் ஆண்டு ஜூலை முதல் நாளில் பிறக்கிறது. அன்றே தலைவரும் மாறுகிறார். புதிய தலைவர் தம் பெயர் விளங்கப் புதிய திட்டம் தேடுகிறார். சென்ற ஆண்டின் நோயாளிப் பட்டியல் பழைய செயலாளரின் பெட்டியில் உறங்குகிறது. ஜூன் மாதத்தில் அறுவை செய்துகொண்ட கிழவருக்கு ஜூலையில் மறுசோதனை வேண்டும்; கண்ணில் உறுத்தல் இருந்தால் மருந்து வேண்டும்; சிலர்க்குக் கண்ணாடியும் வேண்டும். தலைவர் மாறிய செய்தி அவர் கண்ணுக்குத் தெரியாது.

எனக்குத் தெரிந்த ஒரு சிற்றூர்ச் சங்கத்தில் இதற்கு ஒரு வழி செய்திருக்கிறார்கள். பட்டியல் எழுதிய குறிப்பேடு தலைவரிடமும் இல்லை, செயலாளரிடமும் இல்லை; பேருந்து நிலையத்தருகே மருந்துக்கடை வைத்திருக்கும் உறுப்பினரிடம் இருக்கிறது. அவர் பதவி எதுவும் ஏற்காதவர். ஐந்தாம் வாரத்து ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்தக் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகச் சைக்கிளில் போகிறார். வந்தவர் பெயருக்கு நேரே ஒரு கோடு போடுகிறார். வராதவர் வீட்டுக்கு மறுவாரமும் போகிறார்.